கத்திக்கு அஞ்சுவோர் ஊசிக்கு அஞ்சுவதில்லை

பிள்ளை பெற்ற வீட்டில் குளிப்பாட்ட வரும் பாட்டி, எண்ணெய் தொட்ட விரலால் குழந்தையின் மூக்குத் தண்டை நீவிவிடுவார். முகவாய்க்கட்டையையும் இலேசாகப் பிடித்துவிடுவார். "இப்பவே எடுத்துவிட்டாத்தான் மூக்கு எடுப்பா இருக்கும்" என்பது அவர் கணக்கு. கலும்பாங் முதல் கோலசிலாங்கூர் வரை நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. எலும்பும் குருத்தெலும்பும் வளரும் போக்கில்தான் மூக்கின் வடிவம் அமைகிறது. நீவுவதால் அது மாறுவதில்லை. ஆயினும், 'மூக்கும் முழியுமாக' இருக்க வேண்டும் என்ற ஆசை நேற்று முளைத்ததன்று என்பதற்கு இப்பழக்கமே சான்று. எனவே, மூக்கைத் திருத்திக்கொள்ள விரும்பும் இளையோரைப் பார்த்துப் பண்பாடு போயிற்றே என்று கூக்குரலிடுவதில் பொருளில்லை.

அறுவை மருத்துவமும் நமக்கு அந்நியமானதன்று. அறுபட்ட மூக்கைச் சீரமைக்கும் முறை சுசுருத சம்கிதையிலேயே கூறப்பட்டுள்ளது. 1792-ஆம் ஆண்டுப் போரில், ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்குப் பின், புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கொண்டே புதிய மூக்கை அமைத்தார். 1794 அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதனைப் படத்துடன் வெளியிட்டது. ஜோசப் கார்ப்பியூ என்ற ஆங்கிலேய மருத்துவர் அம்முறையை 1814-இல் இலண்டனில் செய்து காட்டினார். புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோலைப் பயன்படுத்தும் முறை இன்றும் கைகொடுக்கிறது. மூக்கறுபடுவது மானம் போவது என்று கருதிய நாட்டில், போன மானத்தை மீட்டுத் தந்த கலை இது.

அந்தக் கலை இன்று அழகுக்கும் பயன்படுகிறது. மூக்கு அறுவையில், மயக்க மருந்து கொடுத்து, நாசித் துவாரத்தின் உட்புறமாகவோ மூக்கின் அடியில் சிறு கீறலிட்டோ எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்குகிறார்கள். தேவையானால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைக்கிறார்கள். மூக்கு நுனியின் வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டுகூட ஆகலாம். முகவாய்க்கு இரண்டு வழிகள் உண்டு: எலும்பை வெட்டி முன்னே நகர்த்துவது, அல்லது சிலிக்கோன் துண்டைப் பொருத்துவது. இவ்விரண்டு உறுப்புகளையும் மருத்துவர்கள் சேர்த்தே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முகவாய் உள்வாங்கியிருந்தால், அளவான மூக்கும் பெரிதாகத் தெரியும். மூக்கைக் குறைசொல்பவருக்கு உண்மையில் திருத்த வேண்டியது முகவாயாக இருக்கலாம்.

அறுவையில் கிருமித் தொற்று, மூச்சடைப்பு, மறு அறுவை ஆகிய ஆபத்துகள் உண்டு. இவற்றை எல்லாரும் அறிவர். அதனால் அஞ்சுவர், பலமுறை யோசிப்பர். செலவும் ஆயிரக்கணக்கான ரிங்கிட். என் கவலை அறுவையைப் பற்றியதன்று. 'கத்தியில்லை, இரத்தமில்லை, மதிய உணவு நேரத்தில் முடிந்துவிடும்' என்று விற்கப்படும் ஊசியைப் பற்றியது.

'ஃபில்லர்' எனப்படும் இந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஹைலூரானிக் அமிலக் கூழ். இதனால் மேட்டை உயர்த்த முடியும்; பெரிய மூக்கைச் சிறிதாக்க முடியாது. பலனும் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான். ஆபத்து எங்கே இருக்கிறது? மூக்கைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு தொடர்புடையவை. கூழ் தவறிக் குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகலாம். பார்வையே நிரந்தரமாகப் போகலாம். இக்கூழைக் கரைக்க ஹைலூரானிடேஸ் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் அறிகுறியை உடனே கண்டுகொண்டு, அதனைச் செலுத்தத் தெரிந்தவர் அருகில் இருக்க வேண்டும். திரவ சிலிக்கோனை ஏற்றியிருந்தாலோ, கரைக்க மருந்தே இல்லை.

நம் நாட்டில் அழகியல் சிகிச்சை அளிக்கும் பொது மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் 'எல்.சி.பி.' சான்று தேவை. அழகு நிலையத்தார் இந்த ஊசியைப் போட அனுமதியே இல்லை. பதிவு பெறாத தனியார் மருந்தகம் நடத்தும் தனிநபருக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 300,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இருந்தும், வீட்டுக்கே வந்து மலிவாக ஊசி போடுவோருக்கு வாடிக்கையாளர் குறையவில்லை. கலும்பாங் போன்ற சிற்றூரில் இருப்பவர் நிபுணரைப் பார்க்கக் கோலாலம்பூர்ப் பக்கம் வர வேண்டும். போலியோ வாசலுக்கே வருகிறார். பி.டி.பி.டி.என். கடனில் மிச்சம் பிடித்த பணத்தோடு மலிவைத் தேடும் மாணவர்தாம் இதில் எளிதாகச் சிக்குவார்.

ஆகவே, ஊசிக்குச் சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் சான்று எங்கே? ஏற்றப்போகும் மருந்தின் பெயர் என்ன? குழாய் அடைபட்டால் கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

கைப்பேசியில் எடுத்த படத்தை மட்டும் நம்பியும் முடிவெடுக்க வேண்டா. ஓரடித் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரியும் என 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் கூறினர்.

கைப்பேசியைவிடக் கொடிய கண்ணாடி ஒன்று உண்டு. அது நம் நாக்கு. "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, மூக்குதான் சப்பை" என்று கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். சொன்னவர் பந்திக்குப் போய்விடுவார். கேட்டவள் அந்தச் சொல்லை ஆண்டுக்கணக்கில் சுமப்பாள். தன் விருப்பத்தால், தகுந்த மருத்துவரிடம், உண்மை அறிந்து சிகிச்சை பெறுபவரை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. அடுத்தவர் பேச்சுக்கு அஞ்சி ஒருவர் மலிவு ஊசியிடம் ஓடினால், அந்தப் பழியில் பேசியவருக்கும் பங்குண்டு. சட்டம் போலிகளைப் பிடிக்கட்டும். நாக்கை அடக்க வேண்டியவர்கள் நாம்தாம்.