படியளக்கிறவன் யார்?

"பத்துக் குடும்பங்களுக்கு நான் படியளக்கிறேன்" என்று மார்தட்டிக்கொள்ளும் பெரிய மனிதர்கள் நம் ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அன்று மிராசுதார் சொன்னார். பிறகு ஆலை முதலாளி சொன்னார். நேற்று நாலு காசு பார்த்த கடைக்காரரும் இன்று சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்கிறவர்களும் பயபக்தியோடு தலையை ஆட்டுகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பெரிய தெய்வ நிந்தை அடங்கியிருக்கிறது என்று இருசாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

படியளப்பது ஆண்டவனின் தொழில் என்பது நம் முன்னோர்களின் நம்பிக்கை. மதுரையில் மார்கழி மாதத் தேய்பிறை அஷ்டமியன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சப்பரமேறி வெளிவீதிகளைச் சுற்றி வருகிறார்கள். எல்லா உயிர்களுக்கும் இறைவன் படியளப்பதைக் கொண்டாடும் விழா அது. சிமிழுக்குள் ஓர் எறும்பை அடைத்துவைத்து, அதற்கும் படியளந்தாயிற்றா என்று அம்பிகை சோதித்தாளாம். திறந்து பார்த்தால் எறும்பின் வாயில் அரிசி இருந்ததாம். விழாவன்று வீதி நெடுக அரிசியைத் தூவிக்கொண்டு போவார்கள். அதைப் பொறுக்கிக்கொண்டுபோய் வீட்டு அரிசிப் பானையில் போட்டுவைப்பது மக்களின் வழக்கம். காரில் வந்து இறங்குகிற சீமாட்டியும் அங்கே குனிந்துதான் பொறுக்க வேண்டும்.

நம் தனவந்தருக்கோ குனிய மனமில்லை. "நான் உழைத்தேன், சம்பாதித்தேன். இதில் கடவுளுக்கு என்ன பங்கு?" என்கிறார். உழைத்தது உண்மையாகவே இருக்கட்டும். உழைப்பு ஒன்றே செல்வம் தருமானால், ஐயா, முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுகிறவள் அல்லவா இந்நேரம் மாளிகையில் இருக்க வேண்டும்? உம்மைவிட அதிகம் உழைத்தவர்கள் உம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறார்களே! உடம்பின் தெம்பு, பிறந்த வீடு, பெய்த மழை இவற்றில் எதை நீர் உண்டாக்கினீர்?

மேட்டூர் அணையை மனிதன்தான் கட்டினான். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையில் 120 அடிக்குத் தண்ணீரைத் தேக்கலாம். ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பது மரபு. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. ஒரு பக்கம் வானம் பொய்த்தது. மறு பக்கம் மனிதர்களின் தண்ணீர்த் தகராறு. கதவு கைவசம் இருந்தது, தண்ணீர் இல்லை! கதவைக் கட்டியவன் தண்ணீரையும் தானே படைத்ததாகப் பேசலாமா?

"அப்படியானால் ஏழையை ஏழையாக வைத்தவனும் அந்தக் கடவுள்தானே?" என்று சிலர் மடக்குவார்கள். இல்லை. அவன் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அளந்தான். நடுவில் மரக்காலைப் பிடுங்கிக்கொண்டவன் மனிதன். பிடுங்கிய கை என்ன செய்யும் என்பதற்குக் கீழ்வெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளர்களின் தெருவுக்குள் மிராசுதார் தரப்பினர் புகுந்தார்கள். ஒரு குடிசைக்குள் ஒடுங்கியவர்களில் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஊருக்கு ஊர் கோபுரம் நிற்கும் தஞ்சைச் சீமையில் நடந்த கொடுமை இது. நான்தான் படியளக்கிறேன் என்று நம்பிவிட்டவனுக்கு, கூடுதலாக ஒரு படி கேட்பவன் துரோகியாகத் தெரிகிறான். செல்வச் செருக்கை வெறும் குணக்கேடு என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான். அதன் விலையைச் செல்வன் கொடுப்பதில்லை. அவனை அண்டிப் பிழைப்பவன் கொடுக்கிறான்.

"நான் கடவுளை மறக்கவில்லையே, கோயிலுக்கு எவ்வளவு செய்திருக்கிறேன்!" என்று இவர்கள் சொல்வதுதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். குழல்விளக்கின் மேலேயே உபயதாரரின் பெயர், தகப்பனார் பெயர், கடையின் பெயர் எல்லாம் கறுப்பு மையில் எழுதியிருக்கும். பாதி வெளிச்சத்தைப் பெயரே விழுங்கிவிடும். மனிதருக்குப் படியளந்தது போதாதென்று ஆண்டவனுக்கும் இவரே படியளக்கிறார்!

பெரியவர்களே, நீங்கள் யாருக்கும் படியளக்க வேண்டாம். உங்களிடம் வந்து சேர்ந்ததில் அடுத்தவன் பங்கும் கலந்திருக்கிறது. அதைக் குறையாமல் அவனிடம் சேர்த்துவிடுங்கள். கூலியை நாள் தவறாமல் கொடுங்கள்; கொடுக்கும்போது அவன் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் பிறகு கோயிலுக்கு விளக்குப் போடலாம். பெயர் எழுதாமல் போடுங்கள். சந்நிதியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாவது இருக்கும்.