சுவருக்கு அனுப்பிய பந்து

கரப்பந்தாட்டத்தில் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வது குற்றம். பிடித்து நிறுத்தினால் குற்றம். வலையருகே தடுக்கும் வேளை நீங்கலாக, ஒருவரே அடுத்தடுத்து இருமுறை ஆடுவதும் பொதுவாகக் குற்றமே. வந்த பந்தை வாங்கி, அடுத்தவன் எடுத்தாள்வதற்கு ஏற்ற விதத்தில் வழங்க வேண்டும் என்பதே இவ்வாட்டத்தின் சட்டம். இத்தகைய ஆட்டத்தைப் பாடமாக வைத்துக்கொண்டு, பிள்ளையைச் சுவரின் முன் தனியே நிறுத்தி, பந்து எத்தனை முறை மோதித் திரும்பியது என்று எண்ணிப் புள்ளி போடும் வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம்.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் வகுத்த ஆட்டம் இது. 1916இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வழியாகக் கொழும்புக்கு வந்தது. 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டு எனப் பிரகடனம் செய்யப்பட்டது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் கல்லடி மணலில் இதனை ஆடுவதற்குச் செல்வம் வேண்டியதில்லை. இரண்டு கம்பங்களும் ஒரு கயிறும் ஒரு பந்தும் போதும். ஏழை நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறு யாது?

சுவர்ச் சோதனையின் வரலாறும் அறியத்தக்கது. 1945இல் பிரேடி என்பவர் அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர்க்கென ஒரு சோதனையை அமைத்தார். சுவரில் பதினொன்றரை அடி உயரத்தில் ஐந்தடி நீளக் கோடு. ஒரு நிமிடத்தில் அக்கோட்டுக்கு மேலே பந்தை எத்தனை முறை செலுத்துகிறான் என்பதே கணக்கு. அதற்கு முன்பே, 1940இல், சிறுமியர்க்கென ரஸ்ஸல், லாங்கே என்ற இருவர் வகுத்த சோதனையும் இவ்வகையினதே. கையைப் பழக்குவதற்குச் சுவர் நல்ல துணைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சுவர் ஓடுவதில்லை, தடுமாறுவதில்லை, அடுத்த ஆட்டக்காரனுக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பதுமில்லை. சுவரோடு ஆடும் பிள்ளை தான் அனுப்பிய பந்தைத் தானே மீண்டும் பெறுகிறது. அனுப்புதல் என்ற திறனின் பொருளே அங்கே அழிந்துபோகிறது.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள், ஒரு பந்து, நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நிமிடச் சோதனை என்றால் பாடவேளை தீர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் பந்தைத் தொடும். முப்பத்தொன்பது நிமிடம் வெயிலில் வரிசையில் நிற்கும். கற்பித்தல் எப்போது நடந்தது? மாலைதோறும் மணலில் ஆடித் திரியும் பையன் நிறையப் புள்ளி வாங்குவான். பாடசாலை விட்டதும் தம்பியைத் தூக்கவும் தண்ணீர் எடுக்கவும் வீட்டுக்கு ஓடுகின்ற பெண்பிள்ளை குறைவாக வாங்குவாள். அப்புள்ளி பாடசாலை கற்பித்ததைக் காட்டவில்லை. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்ததையே காட்டுகிறது. வசதிக் குறைவைத் திறமைக் குறைவென்று ஏட்டில் எழுதிவைப்பதற்குக் கணிப்பீடு என்று பெயரா?

அப்படியானால் அளக்கவே கூடாதா? அளக்க வேண்டும்; பொருளுக்கு ஏற்ற கோலால் அளக்க வேண்டும். பயிற்றுநர் பலர் கையாளும் முறை ஒன்றுண்டு. எதிர்ப்புறத்திலிருந்து வரும் பணிப்பை முன்னங்கைகளால் ஏந்தி அனுப்புகிறவருக்குப் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. உயர்த்திக் கொடுப்பவர் எந்தப் பக்கமும் கொடுக்கக்கூடியதாகப் பந்து சென்றால் மூன்று. அவர் வழிகள் சில அடைபட்டால் இரண்டு. எப்படியோ எட்டிப் பிடித்துக் காப்பாற்றும் நிலையென்றால் ஒன்று. பந்து வீணானால் பூச்சியம். எளிய இந்த முறைக்குள் ஆழ்ந்த நீதி ஒன்று இருக்கிறது: என் செயலின் மதிப்பு, அடுத்தவனுக்கு அது எவ்வளவு வழி திறந்தது என்பதில் அடங்கியிருக்கிறது. 1998இல் ஓஸ்லின், மிட்செல், கிரிஃபின் என்ற ஆய்வாளர் மூவர், முடிவெடுத்தல், துணைநிற்றல் முதலியவற்றை ஆட்டத்துக்குள்ளேயே கவனித்து மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். வழி இல்லாமலில்லை, நடக்கத்தான் மனமில்லை.

"ஓர் ஆசிரியர் நாற்பது பேரை எவ்வாறு கவனிப்பார்?" என்று கேட்பார்கள். மூவருக்கு மூவராகச் சிறு களத்தில் ஆடவிடுங்கள். காத்திருக்கும் பிள்ளைகளில் ஆறு பேர், ஆளுக்கொருவரைக் கவனித்துப் புள்ளி குறிக்கட்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். தவணை முழுவதும் பரவட்டும். "கூட்டாளி திறமையற்றவனாயின் நல்ல பிள்ளையின் புள்ளி குறையுமே?" என்பது அடுத்த கேள்வி. கூட்டாளிகளை மாற்றிக்கொண்டே இருங்கள். குறை தானே சமப்படும். திறமையற்றவனுக்கு ஏற்பப் பந்தைப் பதமாக அனுப்பத் தெரிவதும் திறமைதானே?

அறைகிறவனையே உலகம் கொண்டாடும். ஆனால் 1964இல் டோக்கியோவில், கரப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்றபோது, சோவியத் அணியை வென்ற ஜப்பானியப் பெண்கள் புகழ்பெற்றது எதனால்? விழுந்து உருண்டு பந்தை ஏந்தி, அக்கணமே எழுந்து நின்ற ஆட்டத்தால். அவர்களிற் பெரும்பாலோர் நிச்சிபோ நெசவாலையின் பெண்கள். அவர்கள் பெற்ற பயிற்சியின் கொடுமையை நாம் பாராட்டவில்லை. அவர்கள் உயர்த்திய கலையையே பாராட்டுகிறோம். சர்வதேசச் சம்மேளனமும் 1998இல் பந்தை ஏந்திக் காப்பதற்கென்றே லிபரோ என்ற தனி ஆட்டக்காரருக்கு இடம் வகுத்தது. குள்ளமென்றும் பெண்ணென்றும் ஓரத்தில் உட்காரவைக்கப்படும் பிள்ளைகளுக்கு உரிய இடம் களத்தின் நடுவில் உண்டு என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமா?

கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள் அளவையின் அருமை அறிந்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், பண்டை இசையைக் கணக்கிட்டு ஆராய்ந்த நூல். இசையின் கணக்கு ஒரு நரம்பைத் தனியே வைத்துப் போடுவதன்று. ஒரு நரம்புக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவையே அது அளக்கிறது. அவர் துயிலும் மண்ணிலுள்ள பாடசாலைகளுக்கு இவ்வுண்மையை வேற்றூரார் வந்து சொல்ல வேண்டியதில்லை. அதே கரையில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள்: தோளோடு தோள் நின்று இழுக்கும் கயிற்றில் ஒருவன் பலத்தைத் தனியே நிறுத்துப் பார்ப்பார் யார்? வலை கரை சேர்ந்ததா என்பதே கேள்வி.

ஆகவே கல்வி அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் நாம் கேட்பது இவ்வளவே: புள்ளியேட்டைத் திறக்கும் முன் பந்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சுவரைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பளிக்க அதனை அமர்த்தாதீர்கள். பந்தைப் பெற மறுபுறத்தில் ஒரு பிள்ளை நிற்கட்டும்.