முகாமில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை: எங்கள் நிலைப்பாடு

2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த விலக்கு ஆணையை வரவேற்பதா, கண்டிப்பதா என்பதில் செயற்குழுவில் இரு கருத்துகள் இருந்தன. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காக இனித் தண்டனை நடவடிக்கை கிடையாது. அந்த அளவில் வரவேற்கிறோம்.

அதற்குமேல் வரவேற்க எங்களுக்கு மனமில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு அதே ஆணை 2024 டிசம்பர் 31 வரை காலம் தருகிறது. அவர்களுக்குக் கிடைத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. தமிழருக்கு மட்டும் ஏன் பத்தாண்டு குறைவு? 2022இல் பசி விரட்டித் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்கள் இந்த ஆணைக்கு வெளியே நிற்கின்றன.

அதே மூன்று நாடுகளின் அந்த ஆறு சமயத்தவருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின் முன் இருப்பதால், அதன் செல்லுபடி பற்றி இப்போதைக்குக் கருத்துக் கூறுவதைத் தவிர்க்கிறோம். ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அரச மதம் உள்ள நாடுகள் என்பதால்தான் அந்த மூன்றையும் தேர்ந்தோம் என்றது அரசு. பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசமைப்பின் 9ஆம் உறுப்பிலேயே எழுதி வைத்திருக்கும் இலங்கை எப்படி விடுபட்டது?

எங்களை உறுத்துவது பிள்ளைகளின் நிலை. 1987 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டு அகதி முகாமில், ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த எவருக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. 2004 டிசம்பர் 3 முதல், தந்தை உள்ளூர்க்காரராகவே இருந்தாலும், தாய் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் பிள்ளை இந்தியர் அல்ல. அந்தத் தாய் ஒளிந்தா வந்தார்? கரையில் பெயர் எழுதி, மண்டபம் முகாமுக்கு அனுப்பி, அடையாள அட்டையும் மாதாமாதம் பணக்கொடையும் கொடுத்தது அரசு. முகாமில் ‘செக்கிங்’ நாளில் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணியது அரசு. இத்தனை பதிவேடுகளில் இருப்பவரைச் சட்டவிரோதி என்பது அப்பட்டமான அநீதி. அவர் பிள்ளை நம் பள்ளியில் படித்து, நம் ஊரில் கூலிக்குப் போய், இன்று தானும் பிள்ளை பெற்றாயிற்று. அந்தப் பேரப்பிள்ளையும் அகதியாம்!

2025 மே மாதம் ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்குமிருந்து வருவோரை வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு கூறியது. நீதிமன்றத்தின்மீதுள்ள மதிப்போடு சொல்கிறோம்: நாற்பது ஆண்டாக இங்கே வாழ்ந்து, உறவுகளை இந்த மண்ணிலேயே புதைத்தவர்களைப் பற்றிச் சொல்லத்தக்க சொல் அல்ல அது.

முகாம்வாசிகளில், 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு உட்பட்ட மலையகத் தமிழரும் கணிசமாக உண்டு. அவர்களின் கோரிக்கை தனியாகப் பரிசீலிக்கப்பட வேண்டும். நாடு திரும்ப விரும்புவோருக்குத் தடை கூடாது. ஈழத்தமிழரை அடைத்து வைக்கும் சிறப்பு முகாம் மூடப்பட வேண்டும்.

‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வகையிலிருந்து பதிவுபெற்ற ஈழத்தமிழர் அனைவரையும் ஒன்றிய அரசு நீக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் காலவரம்பின்றிக் குடியுரிமை தர வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் சந்தித்து இந்த அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அவர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்கி வர வேண்டும்.