பழைய மரம் அறுக்கும் மெஷின்: திறந்து பார்த்து வாங்குக

தூத்துக்குடிக் கடலில் அரசு முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். முத்து இருந்தால் லாபம், இல்லாவிட்டால் விதி. 1961-உடன் நின்றுபோன அந்த வியாபாரத்தில் திறந்து பார்க்க வழியில்லை. பழைய மெஷின் வாங்கும் விவசாயிக்கு வழி உண்டு. ஆனாலும் பலர் சிப்பி வாங்குவது போலவே வாங்கி ஏமாறுகிறார்கள்.

விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் மானாவாரி நிலங்களில் மண்டிய சீமைக் கருவேலை வெட்ட, பெட்ரோலில் ஓடும் செயின் மெஷினைப் பழையதாக வாங்குவோர் பின்வருவனவற்றைக் கவனிப்பது அவசியம்.

மெஷின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் கோளாறு மறைந்துவிடும். சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். கை உணரும்படி அழுத்தம் தடுக்க வேண்டும். கயிறு லேசாக வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது என்று பொருள். அடுத்து, சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாகக் கோடுகள் விழுந்திருந்தால், 2டி ஆயில் சரியாகக் கலக்காமல் ஓட்டியிருக்கலாம். அந்த மெஷின் வேண்டாம்.

கடலோர ஊர்களில் பயன்பட்ட மெஷின் என்றால் உப்புக்காற்றின் வேலையையும் பார்க்க வேண்டும். திருகாணிகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினிய, மக்னீசிய உறைகள் அரிக்கின்றன என்று அறியலாம்.

பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை விட்டால் செயின் நிற்க வேண்டும். பாரின் நுனியை வெளிறிய பலகைக்கு நேரே பிடித்து முடுக்கினால் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் செயினும் பாரும் சீக்கிரம் தேயும்.

எல்லாவற்றிலும் முக்கியம் செயின் பிரேக். முன்கைக் காப்பைத் தள்ளியவுடன் ஓடும் செயின் நிற்க வேண்டும். பாரின் நுனி கிளையில் பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். பிரேக் கழற்றப்பட்ட மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. செயின், பார், ஸ்பிராக்கெட் தேய்ந்திருப்பது பெரிய குறையல்ல. அவை மாற்றக் கூடியவை. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக மெஷின் வாங்குவது சிக்கனம் ஆகாது. கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. தூரோடு தோண்டி எடுக்காவிட்டால் மீண்டும் துளிர்க்கும். தூரை இந்த மெஷின் எடுக்காது. சில நாள் வேலைக்குப் பின் அது மூலையில் கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் டாங்கியில் தங்கினால் கார்புரேட்டரும் கெடும். நாலைந்து பேர் கூடி ஒன்று வாங்கலாம். அல்லது கரிமூட்டம் போடுவோரிடம் விறகுக்கு விலை பேசி வெட்டச் சொல்லலாம். மிச்சமாகும் பணம் தூர் தோண்டும் கூலிக்கு உதவும். நிலத்தை மீட்பது அந்தக் கூலிதான்.