அறுவை இரண்டு மணி நேரம், கவனிப்பு ஆயுள் முழுக்க

எடை குறைப்பு அறுவை சிகிச்சை பணக்காரர்களின் அழகு சமாச்சாரம் என்ற எண்ணம் நம் தோழர்களிடமும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். எங்கள் காஞ்சிபுரத்தில் விடிந்ததிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்தே நெய்கிறார்கள். வயிற்றை நிரப்புவது ரேஷன் அரிசி. இந்த உடம்பைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது?

அறுவையால் பலன் உண்டு. பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வருகிறது, சிலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. ஸ்வீடனில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பும் குறைந்தது.

ஆபத்தும் உண்டு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுக்கிறார்கள். தையலில் கசிவு, ரத்தக்கட்டு ஏற்படலாம். உயிரிழப்பு அரிது. ஆனாலும் 2024 ஏப்ரலில், சென்னை அருகே ஒரு தனியார் மருத்துவமனைக்கு இந்த அறுவைக்காகப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தார்; அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

விளம்பரங்கள் சொல்லாதது வேறொன்று. அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுக்க வைட்டமின், இரும்புச்சத்து மாத்திரைகள் வேண்டும். ரத்தப் பரிசோதனை வேண்டும். தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். இதற்கு வழியில்லாதவருக்கு ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். பலன் காசுள்ளவருக்கு, ஆபத்து இல்லாதவருக்கு என்று ஆகிவிடுகிறது.

இதற்குள்ளும் சாதி நுழைகிறது. தறியில் கூலிக்கு நெய்யும் என் அத்தைக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் தந்த உணவுப் பட்டியலில் பனீரும் புரதப் பவுடரும்தான் இருந்தன. "மாட்டுக்கறி சாப்பிடலாமா?" என்று கேட்டார். "அதையெல்லாம் விட்டால்தான் உடம்பு சுத்தமாகும்" என்று பதில் வந்தது. புரதம், இரும்பு, பி12 மூன்றும் உள்ள, எங்களுக்குக் கட்டுப்படியாகும் உணவு அது. முதல் சில வாரம் நீராகாரமும் கூழும் என்பது மருத்துவம். புண் ஆறிய பிறகு குழைய வேகவைத்த கறி, முட்டை, மீன் கூடாது என்பது மருத்துவமல்ல, தீட்டு.

ஆகவே இந்த அறுவையை ஏளனம் செய்வதும் வேண்டாம், கொண்டாடுவதும் வேண்டாம். கையெழுத்துப் போடுமுன், 'ஐந்து ஆண்டு கழித்து என்னை யார் பார்ப்பார்கள், என்ன செலவாகும்?' என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அறுவை செய்துகொண்டவர்களின் வைட்டமின் மாத்திரையும் பரிசோதனையும் அதே வழியில் வர வேண்டும். உணவு ஆலோசனை, எங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று கேட்டுத் தொடங்க வேண்டும்.