அடிபட்ட காருக்கு அடிதடி

மூக்கு உள்ளே போய்விட்டது. முகப்பு விளக்குகளில் ஒன்று இமை திறந்தபடி விழித்துக்கொண்டிருக்கிறது, மற்றது மூடிக் கிடக்கிறது. ஸ்டியரிங் நடுவிலிருந்து ஏர்பேக் கிழிந்த தலையணை உறையாகத் தொங்குகிறது. இந்தியாவில் என்றால் காயலான் கடைக்காரர் பேரம் பேசித் தூக்கிப்போக வேண்டிய சரக்கு. அமெரிக்காவில் இதை ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் போட்டியும் இருக்கிறது.

கேட்பவர்களில் மூன்று ரகம். கழற்றி உதிரி பாகங்களாக விற்பவர் ஒருவர். தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து மறுபடி சாலைக்கு அனுப்புபவர் இன்னொருவர். மூன்றாவது ஆளுக்கு வாரம் முழுக்க ஆபீஸ் வேலை. விடுமுறை நாளில் பணம் கட்டி, பந்தயத் தடத்தில் தன் காரை முழு வேகத்தில் விரட்ட ஆசை. புது ஸ்போர்ட்ஸ் காரை அப்படி வதைக்க மனமும் வராது, பர்ஸும் இடம் தராது. நசுங்கியதை வாங்கிச் சரிசெய்தால் என்ன என்று கிளம்புகிறார். முதல் இரண்டு ரகத்துக்கும் இது வியாபாரம். மூன்றாமவர்தான் வாங்கியதற்குள் தானே உட்காரப் போகிறவர்.

இந்த வியாபாரத்தின் பெரிய பெயர் கோபார்ட். 1982இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் வல்லேஹோ நகரில் ஒரே ஒரு யார்டுடன் தொடங்கிய கம்பெனி, இன்று பல நாடுகளில் நசுங்கிய வண்டிகளை விற்கிறது. ஏலம் இணையத்துக்குப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எனவே பலர் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பத்துப் பதினைந்து படங்களை நம்பி விலை கேட்கிறார்கள். 'ஓடுகிறது' என்று பட்டியலில் ஒரு குறிப்பு இருக்கும். யார்டுக்கு வந்த அன்று இன்ஜின் கிளம்பி, கார் தன் சக்தியில் நகர்ந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. நேராக ஓடியதா என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு கார் ஏன் இங்கே வந்து சேர்கிறது என்பதில்தான் சூட்சுமம். காப்பீட்டு நிறுவனம் ஒரு காரை 'மொத்த நஷ்டம்' என்று கைகழுவுவது அதன் உடம்பைப் பார்த்தல்ல, கணக்கைப் பார்த்து. சந்தையில் 10,000 டாலர் பெறும் காருக்குப் பழுதுபார்க்க 7,800 டாலர் ஆகும் என்று வையுங்கள். நியூயார்க்கில் சட்டப்படி அது மொத்த நஷ்டம். அங்கே வரம்பு 75 சதவீதம். ஃப்ளோரிடாவில் வரம்பு 80. டெக்சாஸில் 100. அதே கார், அதே நசுங்கல், மாநிலம் மாறினால் ஜாதகம் மாறுகிறது. (இந்தியாவிலும் காப்பீட்டுப் பத்திரத்தில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைப் பழுதுச் செலவு தாண்டினால் அதே கதிதான்.) அதன் பிறகு உரிமைப் பத்திரத்தில் 'சால்வேஜ்' என்ற முத்திரை விழுகிறது. சரிசெய்து, பரிசோதனை முடித்துச் சாலைக்கு வந்தாலும் 'ரீபில்ட்' என்ற வால் ஒட்டிக்கொள்ளும். விலை சரிவது இந்த முத்திரையால்.

அந்தப் பழுதுக் கணக்கில் என்னென்ன அடங்கும் என்று பார்த்தால் மூன்றாமவரின் ஆசை அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. இரண்டு ஏர்பேக் வெடித்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். பயணி பக்கத்து ஏர்பேக் வெளியே வரும்போது டாஷ்போர்டையும் பிளந்துகொண்டு வருவதுண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டி, இருக்கை பெல்ட்டுகள், சென்சார்கள் எல்லாம் புதிது வேண்டும். அப்புறம் பானெட், பம்பர், விளக்கு, பெயிண்ட். ஓரளவு வயதான காராக இருந்தால் இவையே வரம்பை எட்டிவிடும், இரும்புச் சட்டத்தில் ஒரு கோணல் இல்லாவிட்டாலும்கூட. தடத்தில் மட்டும் ஓடும் காருக்கோ இவற்றில் முக்கால்வாசி தேவையே இல்லை. ஏர்பேக்குக்குப் பதில் கம்பிக்கூண்டும் ஆறுமுனை பெல்ட்டும். டாஷ்போர்டு, கார்ப்பெட், ஏ.சி., ரேடியோ எல்லாம் எப்படியும் எடை குறைப்பதற்காகக் கழற்றி எறியப்படுபவை. பானெட் வேறு நிறத்தில் இருந்தால் யாரும் சிரிக்கப்போவதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கைத் தாங்க முடியாததாக்கிய செலவுகள் இவருடைய கணக்கில் வரவே வராது.

இதே காரணத்தால் ஆலங்கட்டி மழையில் அம்மை வார்த்தது போலக் குழி விழுந்த காரும், திருடுபோய், இருக்கைகள் பறிபோன நிலையில் மீட்கப்பட்ட காரும் தடக்காரர்களுக்குப் பிரியமானவை. அவற்றின் எலும்பு முறியவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய கார் நேர் எதிர். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒயரிங்குக்குள் உப்பும் சேறும் அரித்துக்கொண்டிருக்கும். 2005இல் கேட்ரினா, 2017இல் ஹார்வி என்று ஒவ்வொரு பெரிய சூறாவளிக்குப் பிறகும் இத்தகைய கார்கள் கூட்டம் கூட்டமாக ஏலத்துக்கு வந்தன. சில, முத்திரையில்லாத புதுப் பத்திரம் கிடைக்கும் மாநிலங்களைத் தேடிப் போய்ப் 'புனிதமாகி'த் திரும்பின.

இந்த வேலைக்குக் கைக்கு வாகான கார் மாஸ்டா மியாட்டா. 1989இல் வந்த இரண்டு இருக்கை, திறந்த கூரை, பின்சக்கர உந்துதல் கார். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. ஆகவே உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் ஒரு தனிச் சப்ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் மொத்தமாக இறங்கிவிடும். சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதிச் சப்ஃபிரேம் வளைந்திருந்தால் வேறொன்றை மாட்டலாம். ஆனால் சப்ஃபிரேம் பொருந்தும் உடற்கூடே கோணிவிட்டால் கதை வேறு.

அதைக் கண்டுபிடிக்க, கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிக்கிற தூக்குக்குண்டு போதும். காரைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, சஸ்பென்ஷன் பொருந்தும் ஒவ்வொரு துளையிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். இடது முன்புள்ளியிலிருந்து வலது பின்புள்ளிக்கும், வலது முன்புள்ளியிலிருந்து இடது பின்புள்ளிக்கும் தூரம் சமமாக வர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து மில்லிமீட்டர் வந்தால் அது கார் அல்ல, நண்டு. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். பெரிய பட்டறைகளில் ஸ்வீடனின் கார்-ஓ-லைனர், பிரான்சின் செலெட் போன்ற அளவு மேடைகள் உண்டு. காரை அதில் கவ்வவைத்து, தயாரிப்பாளரின் வரைபட அளவுகளோடு ஒப்பிட்டு, ஹைட்ராலிக் சங்கிலியால் இழுத்து நிமிர்த்துவார்கள். இழுத்த பிறகு அளவு சரியாக வந்துவிடும். உலோகம் பழையபடி ஆகிவிட்டதா என்பது வேறு கேள்வி. மோதலில் மடிந்து சக்தியை விழுங்குவதற்கென்றே முன்பகுதி வடிவமைக்கப்படுகிறது. ஒருமுறை மடிந்து நிமிர்ந்த தகடு அடுத்த முறை வடிவமைத்தவர் நினைத்த இடத்தில் மடியாது. புதிய கார்களின் உயர்வலிமை எஃகைக் கேஸ் விளக்கால் சூடுகாட்டி நிமிர்த்தினால் வலிமையே போய்விடும். நசுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன விதத்தில் புதுத்துண்டை வெல்டு செய்வதுதான் ஒரே வழி.

மியாட்டாவில் கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கும் உள்காயத்துக்கும் ஓரளவு சம்பந்தம் உண்டு. இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸில் அதுவும் கிடையாது. 1996இல் நார்ஃபக் மாவட்டத்தின் ஹெத்தல் கிராமத்திலிருந்து வெளிவந்து 2021வரை தயாரான கார் இது. அலுமினியக் கம்பங்களைப் பசைபோட்டு ஒட்டிய சேஸிஸ், சுமார் 68 கிலோதான். இரண்டு ஆட்கள் தூக்கிவிடலாம். அதன் மேல் ஃபைபர்கிளாஸ் உடல், முன்னால் ஒரே மூடி, பின்னால் ஒரே மூடி. பார்க்கிங்கில் யாராவது மூலையில் இடித்தால்கூட மூடி முழுவதும் பாளம் பாளமாக வெடித்து, பார்ப்பவர் நெஞ்சில் கைவைக்குமளவுக்குக் கோரமாகிவிடும். மூடியின் விலையும் அதற்கேற்றபடி, எனவே காப்பீட்டு நிறுவனம் கைகழுவும். உள்ளே அலுமினியச் சேஸிஸ் நலமாக இருந்தால் இதைவிட நல்ல வேட்டை தடக்காரருக்குக் கிடையாது. மறுபுறம், உடல் ஏறக்குறைய முழுசாக இருந்து, சக்கரம் மட்டும் உள்ளே தள்ளப்பட்டு, அலுமினியக் கம்பம் ஒன்று லேசாக நெளிந்திருக்கலாம். வெல்டு செய்ய முடியாது, சூடு பட்டால் பசை போகும். சேஸிஸையே மாற்ற வேண்டும். படத்தில் அழகாகத் தெரிந்த கார்தான் உண்மையில் பிணம்.

அளவு சரியென்றால்கூட நிம்மதிக்கு நேரம் வரவில்லை. மோதிய பக்கத்தில் ஹப், நக்கிள், ஸ்டியரிங் ராக், அதன் முனைகள் எல்லாம் ஒரு கணம் பெரும் பாரத்தைத் தாங்கியவை. தலைமுடி அளவு விரிசலைக் கண்ணால் பார்க்க முடியாது. சிவப்புச் சாயத்தை ஊறவைத்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசியும். செலவு அதிகமில்லாத இந்தச் சோதனையைத்தான் அவசரக்காரர்கள் முதலில் விட்டுவிடுகிறார்கள். சாலையில் ஓட்டினால் அந்த விரிசல் சில வருடம் தாங்கக்கூடும். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் சிவக்கச் சிவக்க, டயர் தாங்கும் எல்லைவரை வளைக்கப்படும் காரில் அப்படியல்ல. கலிஃபோர்னியாவின் லகுனா செக்கா தடத்தில் கார்க்ஸ்க்ரூ என்று பெயர் வாங்கிய இரட்டைத் திருப்பம் இருக்கிறது. சுமார் 18 மீட்டர் இறக்கம் இரண்டு திருப்பங்களுக்குள் முடிந்துவிடும். ஏறும்போது அந்தப்பக்கம் எதுவும் தெரியாது. அங்கே முன்சக்கரம் ஒன்று கழன்றால் ஓட்டுபவர் செய்ய ஏதுமில்லை. பின்னால் வருபவருக்கோ எதிரில் நடப்பதே தெரியாது.

அதனால்தான் சேமித்த பணம் கூண்டுக்குள் போக வேண்டும். இருக்கை பெல்ட் ஒருமுறை மோதலைத் தாங்கிவிட்டால் இழை நீண்டுவிடும், அதை நம்பக்கூடாது. பந்தயப் பெல்ட்டுக்கும் ஐந்தாண்டு ஆயுள்தான் குறித்திருக்கிறார்கள். பெல்ட் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது. தலையை யார் பிடிப்பது? 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். தலையைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் என்ற கருவியை ராபர்ட் ஹப்பர்டு என்ற பொறியியல் பேராசிரியர் பந்தய வீரர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980களிலேயே உருவாக்கிவிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில்தான் நாஸ்கார் அதுபோன்ற கருவியைக் கட்டாயமாக்கியது. இன்று விடுமுறை நாள் ஓட்டுநர்களும் அணிகிறார்கள். இன்னொரு சங்கதி: கூண்டு போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். சாதாரண மோதலிலேயே தலை இரும்புக் குழாயில் போய் முட்டும். எனவே காரைத் தடத்துக்கு ட்ரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ட்ரெய்லருக்கும், அதை இழுக்கும் வண்டிக்கும் பணம் வேண்டும். ஏலக் கமிஷன், வாயிற்கட்டணம், எடுக்கத் தாமதமானால் யார்டு வாடகை, பல மாநிலங்களில் பொதுமக்கள் நேரடியாக ஏலம் கேட்க முடியாததால் தரகர் கூலி எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. தடத்தில் மோதினால் சாதாரணக் காப்பீடு சல்லிக்காசு தராது.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்த அனுபவசாலிகள் வேறொரு வழிக்குப் போகிறார்கள். இன்ஜின் வெடித்த, ஆனால் எங்கும் மோதாத மியாட்டா ஒன்று. பின்பக்கம் நொறுங்கிய, ஆனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் உள்ள இன்னொன்று. இரண்டையும் வெட்டி ஒட்டுவதல்ல, அது ஆபத்தான வித்தை. கோணாத கூட்டுக்குள் நொறுங்கியதன் உறுப்புகள் இடம் மாறுகின்றன. மிச்சமாகும் கதவு, விளக்கு, இருக்கைகள், அதிர்ஷ்டமிருந்தால் ஒரிஜினல் ஹார்டுடாப் கூரை என்று தனித்தனியாக விற்றுப் போட்ட பணத்தில் ஒரு பங்கை மீட்கிறார்கள். காலிக்கூடு கடைசியில் எடைக்குப் போகிறது.