வித்திலேயே ஓர் அரண்

நோய் வந்தபின் மருந்து தேடி ஓடுவது ஒருமுறை. நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலை வித்திலேயே வைத்து, வழிவழி இறங்கச் செய்வது மற்றொரு முறை. முன்னது உழவன் கைப்பொருளைக் கரைக்கும். பின்னது அவன் குதிரிலேயே தங்கும்.

நெல்லின் இலைக்கருகல் நோய் இதற்குத் தக்க சான்று. நுண்ணுயிரி ஒன்றால் வரும் இந்நோயைச் சப்பானிய உழவர் 1884-இலேயே கண்டனர். இலையின் நீர்த்துளை வழியாகவும் புண் வழியாகவும் புகும் அந்நுண்ணுயிரி, நீர் செல்லும் குழாய்களிற் பெருகும். இலை விளிம்பு மஞ்சளித்து வைக்கோலாய்க் காயும்; மணி பிடியாது. 1960-களில் பரவிய குட்டை நெல்வகைகள் உரத்திற்கு மிக விளைந்தன. ஆயின், அவற்றுட் பல இந்நோய்க்கு எளிதில் இரையாயின. தெளிமருந்துகளும் உறுதியான காப்பு அளித்தில.

காப்பு எங்கிருந்து வந்தது? மேலை ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து. அதுவும் உழவர் களையென ஒதுக்கும் காட்டுநெல் ஒன்றிலிருந்து! தாம் ஆய்ந்த நுண்ணுயிரி வகை அனைத்தையும் அது தாங்குவதைக் கட்டாக்கு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1977-இற் கண்டனர். பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் குசு குழுவினர் அதனைப் பயிர்நெல்லோடு மீண்டும் மீண்டும் கலந்து, காட்டுக்குணம் நீக்கி, அவ்வாற்றலை மட்டும் பயிர்நெல்லில் நிறுத்தினர். 1978-இல் தொடங்கிய அப்பணி 1990-இற் கைகூடியது.

ஓர் அரணையே நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. பகை அதனை உடைக்கக் கற்கும். ஆகவே ஐதராபாது அறிஞர்கள், தமிழ்நாட்டு உழவரும் விரும்பிப் பயிரிடும் சம்பா மசூரியில் மூன்று மரபணுக்களை ஒருங்கே சேர்த்தனர். மாலி நெல்லின் மரபணு பகைவனை இனங்கண்டு பயிரை விழிப்பிக்கும். மற்றொன்று அவன் கவரவிருக்கும் இனிப்பைத் திறந்துவிடாது மறுக்கும். மூன்றாவது, பயிரைத் தன் ஏவலுக்கு ஆட்படுத்தும் அவன் சூழ்ச்சியைக் குலைக்கும். பின்னிரண்டும் தாய்வழி தந்தைவழி இரண்டிலும் வந்தாலன்றி வெளிப்படா. ஆதலின் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு அடையாளம் பார்த்தே நாற்றுகளைத் தேர்ந்தனர். 2008-இல் அந்நெல் உழவர்க்கு வழங்கப்பட்டது. விளைச்சலிலிருந்தே மறுவிதை எடுத்துக்கொள்ளலாம், ஆற்றலும் உடன்வரும்.

இனி ஒரு வினா. மாலி நெல்லின் அம்மரபணுவை 1995-இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பமீலா ரொனால்டு குழுவினர் பிரித்தெடுத்தனர். அப்பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை பெற்றது. ஆய்ந்தவர் உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆயின், எண்ணிறந்த காலமாக அவ்வாற்றலைச் சுமந்து நின்ற மண்ணுக்கு என்ன உரிமை? வளம் தந்த நாட்டினர்க்கும் பங்களிக்கவென 1996-இல் அப்பல்கலைக்கழகமே ஒரு தொகையம் நிறுவியது. நன்றே! எனினும், அது கொடுப்போர் மனம் உவந்து தரும் கொடையே. பெறுவோர் கேட்டுப் பெறும் உரிமையன்று. உழவர் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும் இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. அவ்வுரிமையை விழிப்போடு காத்தல் வேண்டும்.

களையென்று எறிந்ததே காவலாய் வந்தது. அழியவிட்ட வித்தை எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தாராது. வரப்போரத்துக் காட்டுநெல்லையும் கைவிடாதீர்!